மது தொடாத வீட்டிலும் ஈரல் நோய்

"எங்கள் வீட்டில் மதுவின் வாடைகூட வீசியதில்லையே, எங்களுக்கு எப்படி ஈரல் நோய் வரும்?"

மருத்துவரின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வாறு கேட்போர் இன்று நம்மிடையே பலர். ஹராமை விட்டு விலகி வாழ்ந்த ஒருவருக்கு, குடிகாரர்களின் நோய் என்று தாம் எண்ணியிருந்த ஒன்று தம் உடலிலேயே இருப்பதாகத் தெரியும்போது, வேதனையோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. வெளியில் சொல்லத் தயங்குகிறார்; மருத்துவத்தைத் தள்ளிப்போடுகிறார். அந்த வெட்கம் தேவையற்றது; அந்தத் தயக்கமோ ஆபத்தானது.

அன்பிற்குரிய வாசகர்களே! தேவைக்கு மிஞ்சி நாம் உண்ணும் மாவும் சர்க்கரையும் ஈரலில்தான் கொழுப்பாக மாறுகின்றன. ஈரலில் கொழுப்பு நூற்றுக்கு 5 பங்கைத் தாண்டினால் அது கொழுப்பு ஈரல் நோய். பலருக்கு அது அந்த அளவில் நின்றுவிடும். சிலருக்கோ ஈரல் அழற்சியுற்று, தழும்பேறி, சுருங்கி, புற்றுநோயிலும் முடியலாம். தொடக்கத்தில் பெரும்பாலும் வலியோ, வேறு அறிகுறியோ இராது. நீரிழிவும் பருத்த வயிறும் உடையோரை இது அதிகம் பற்றுகிறது. "மது சாராத" என்று தொடங்கிய இந்நோயின் பழைய பெயரை 2023ஆம் ஆண்டில் உலக ஈரல் மருத்துவ அமைப்புகள் மாற்றின. நோயாளி மீது பழிச்சொல் விழக்கூடாது என்பதும் அம்மாற்றத்துக்கு ஒரு காரணமாகும்.

இந்திய மக்களில் நூற்றுக்கு 9 முதல் 32 பேர் வரை இந்நோய் உடையோர் என்பது மத்திய சுகாதாரத் துறையின் மதிப்பீடு. ஒருவர் இருவருக்கு வந்தால் அவரவர் பழக்கம் எனலாம். இத்தனை பேருக்கு வந்தால் அது ஊரின் பழக்கம் அல்லவா? ஊரே சேர்ந்து தேட வேண்டிய பரிகாரம் அல்லவா?

அரசுகள் இதை உணரத் தொடங்கிவிட்டன. 2021இல் இந்திய அரசு இந்நோயைத் தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்தது. 2024இல் வழிகாட்டு நெறிகளைத் திருத்தி வெளியிட்டது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்குமான கவனிப்பை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. நம் பிள்ளைகள் பிழைப்புத் தேடிச் சென்றுள்ள சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் 2017இல் குளிர்பானங்களுக்கு 50 விழுக்காடும், ஊக்க பானங்களுக்கு 100 விழுக்காடும் வரி விதித்தன.

எனினும் சட்டம் கடை வாசல் வரைதான் வரும். நம் விருந்துப் பந்தலுக்குள் வர வேண்டியது ஜமாஅத்தின் அக்கறையே.

வலீமா விருந்தில் பிரியாணியும் இனிப்பும் போதாதென்று குளிர்பானப் புட்டியும் வைக்கிறோம். அதற்குப் பதில் தண்ணீரும், சர்க்கரையில்லா மோரும் வைத்தால் யாருடைய கௌரவம் குறைந்துவிடும்? போதும் என்பவரின் தட்டில் மேலும் ஒரு கரண்டி வைப்பது உபசரிப்பு ஆகாது. நோன்புக் கஞ்சி நல்ல உணவே. அதைச் சூழ்ந்து நிற்கும் வடையும் சமோசாவும் இனிப்புச் சர்பத்துமே தொல்லை. இஃப்தாருக்கு உதவும் தனவந்தர்கள் பொரித்த பண்டத்துக்குப் பதில் பழம் கொடுக்கலாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் துணையுடன், ஆண்டுக்கு இருமுறை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வளாகத்தில் எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் செய்யலாம். பெண்களுக்கு மதரஸாவில் தனியே ஏற்பாடு செய்யலாம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் மருத்துவரைக் காண்பது நலம். "நட" என்று மருத்துவர் சொல்கிறார். நம் பெண்கள் எங்கே நடப்பார்கள்? ஜமாஅத்தின் பள்ளிக்கூட மைதானத்தை மாலையில் ஒரு மணி நேரம் அவர்களுக்கென ஒதுக்கினால் அதுவும் ஒரு தர்மமே.

நோய் கண்டவர் மனம் தளர வேண்டாம். 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 6 முதல் 8 கிலோ குறைத்தால் அழற்சியும் தணியும். இதற்கென முதல் மருந்து 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் தழும்பேறியவர்களுக்கு, உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி இவற்றோடு சேர்த்துத்தான். "ஈரலைச் சுத்தம் செய்யும்" என விற்கும் பொடிகளை நம்பாதீர். அவற்றில் சில ஈரலையே கெடுக்கும்.

வயிற்றின் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த அளவை நாம் அறியாதவர்கள் அல்லர். அதை மேடையில் எடுத்துரைத்துவிட்டு, பந்தியில் மறந்துவிடுகிறோம்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். வரும் வெள்ளியன்று உங்கள் பள்ளி நிர்வாகிகளிடம் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: அடுத்த விருந்தில் குளிர்பானம் வேண்டாம். அங்கிருந்து தொடங்குவோம். வல்ல நாயன் துணை நிற்பானாக! ஆமீன்.