பாதிரியாரின் ஷெவர்லே, பண்ணைக்காரரின் ஃபோர்டு

1950-களின் நடுவில் அமெரிக்காவில் ஒரு விசித்திரமான பேட்டி நடந்தது. பியோரியா, சான் பெர்னார்டினோ என்று இரண்டு ஊர்கள். ஊருக்கு 800 பேர். எல்லோருமே அண்மையில் கார் வாங்கியவர்கள். எஞ்சின் எப்படி ஓடுகிறது, பெட்ரோல் எவ்வளவு குடிக்கிறது என்பதில் பேட்டி எடுத்தவர்களுக்கு அவ்வளவு அக்கறை இல்லை. ஃபோர்டு என்றதும் உங்கள் மனதில் எப்படிப்பட்ட ஆள் வருகிறார்? ஷெவர்லே என்றால்? ப்யூக் என்றால்? இதைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். பதில்களைக் கூட்டிப் பார்த்தபோது ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆள் எழுந்து நின்றார். ஃபோர்டு வேகமான, முரட்டு ஆண்பிள்ளைக் கார். மாட்டுப் பண்ணை வைத்திருப்பவரோ மெக்கானிக்கோ ஓட்டுவது. ஷெவர்லே வயதும் நிதானமும் கூடியது. பாதிரியார் ஓட்டுகிற கார். ப்யூக் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி.

கேட்கச் சொன்னது ஃபோர்டு நிறுவனம். கேட்டுத் தந்தது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வுப் பிரிவு. புதிதாக ஒரு காரைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன் அதற்கு என்ன குணம் கொடுக்கலாம் என்று முடிவு செய்வதற்காக இவ்வளவு பாடு. வேலையில் வேகமாக மேலே ஏறிக்கொண்டிருக்கும் இளம் அதிகாரி, அவருடைய குடும்பம்: இவர்களுக்கான கார் என்று தீர்மானித்தார்கள். பெயர் வைப்பதற்குக் கவிஞர் மாரியான் மூரிடம்கூட யோசனை கேட்டார்கள். அவர் அனுப்பியவற்றில் ஒன்று ‘உட்டோப்பியன் டர்ட்டில்டாப்’. கடைசியில் ஹென்றி ஃபோர்டின் மறைந்த மகன் பெயரான எட்செல் நிலைத்தது. 1957 செப்டம்பர் 4 அன்று விற்பனைக்கு வந்த எட்செலை 1959 நவம்பரில் நிறுத்தினார்கள். நஷ்டம் 25 கோடி டாலர் என்று அன்று பேசப்பட்டது.

எட்செல் விழுந்ததற்குக் காரணங்கள் பல. அது வெளிவந்த நேரத்தில் பொருளாதார மந்தம், நடுத்தர விலைக் கார்களை வாங்க ஆளில்லை, தயாரிப்பிலும் குறைகள். ஆகவே குண ஆராய்ச்சிதான் காரைக் கவிழ்த்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த ஆராய்ச்சிக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது: காரைச் சொல், ஆளைச் சொல்கிறேன் என்ற நம்பிக்கை. அதை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

சோதித்துப் பார்த்தவர் ஃபிராங்க்ளின் எவன்ஸ் என்ற ஆய்வாளர். சிகாகோவை ஒட்டிய பார்க் ஃபாரஸ்ட் என்ற புறநகரில் ஃபோர்டு, ஷெவர்லே வைத்திருந்த சுமார் 140 பேரை எடுத்துக்கொண்டார். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை, ஒரே அளவு. சாதிக்கும் ஆசை, அடக்கி ஆளும் ஆசை, தன் போக்கில் வாழும் ஆசை போன்றவற்றை அளக்கும் உளவியல் வினாத்தாளை அவர்களிடம் கொடுத்தார். விடைகளை மட்டும் வைத்துக்கொண்டு, யாரிடம் எந்தக் கார் இருக்கும் என்று கணித்தார். 1959-இல் வெளியான முடிவு: நூற்றுக்கு 63 பேர் விஷயத்தில் கணிப்பு சரி. பெரிய வெற்றி போலத் தெரியும். ஆனால் இரண்டே கார்கள் என்னும்போது நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே நூற்றுக்கு 50 சரியாக வரும். இத்தனை கேள்வி கேட்டு, இத்தனை கணக்குப் போட்டுக் கிடைத்த கூடுதல் லாபம் 13. வயது, வருமானம் போன்ற சாதாரண விவரங்களை வைத்துக் கணித்தபோது 70 வந்தது. அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரிந்த விவரம், உளவியல் சோதனையைவிட நன்றாகக் காரைக் காட்டிக்கொடுத்தது!

மூன்று ஆண்டுகள் கழித்து ரால்ஃப் வெஸ்ட்ஃபால் என்ற இன்னொரு ஆய்வாளர் கேள்வியைச் சற்று மாற்றிப் போட்டார். கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கார் எந்த வகை என்று பார்த்தார். சாதாரண காருக்கும் சிறிய காருக்கும் இடையே உரிமையாளர் குணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. கூரையை மடித்துவிட்டு ஓட்டுகிற திறந்த கார்க்காரர்கள் மட்டும் தனியாகத் தெரிந்தார்கள்: துடிப்பு, அவசரம், ஆட்களோடு கலந்து பழகும் சுபாவம் எல்லாம் அவர்களிடம் கூடுதல். யோசித்தால் இது பொருந்துகிறது. மழையும் குளிரும் உள்ள ஊரில் திறந்த கார் வாங்க, தேவையைத் தாண்டிய ஓர் ஆசை வேண்டும். தேவை முடிகிற இடத்தில்தான் குணத்துக்கு இடம் கிடைக்கிறது.

நம் வீடுகளில் கார் வாங்கும் பேச்சு எப்படி நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். மாதத் தவணை கட்ட முடியுமா, மைலேஜ் கொடுக்குமா, சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருக்கிறதா, நாளைக்கு விற்றால் என்ன விலைக்குப் போகும், முட்டி வலிக்கிற அப்பா ஏறி இறங்க வசதியா, வெயில் தாங்க வெள்ளையே எடுத்துவிடலாமா. இத்தனை பேர் யோசனையும் கலந்து வாசலுக்கு வந்து நிற்கிற வண்டியில், ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவரின் குணத்தை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது?

பிரித்தெடுக்க முடியாது என்று புத்தி ஒப்புக்கொண்டாலும் கண் ஒப்புக்கொள்வதில்லை. எதிரே வரும் காரைப் பார்த்ததும் அதற்கு ஒரு குணம் இருப்பதாகவே தோன்றுகிறது. இது எங்கிருந்து வருகிறது? இந்த விஷயத்தில் என்னை மிகவும் வியக்க வைத்த ஆராய்ச்சி வியன்னாவில் நடந்தது. சோன்யா விண்ட்ஹாகரும் அவருடைய சகாக்களும் 2008-இல் அதை வெளியிட்டார்கள். 2004 முதல் 2006 வரை வந்த 38 கார் மாடல்களின் முன்புறத்தை 40 பேரிடம் காட்டினார்கள். இது குழந்தையா பெரியவரா, ஆணா பெண்ணா, சாந்தமா கோபமா என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். முகம் தெரிகிறதா என்றும் கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்கு, காட்டிய கார்களில் பத்துக்குக் குறைந்தது ஒன்பதில் மனித முகமோ மிருக முகமோ தெரிந்தது. ஹெட்லைட் கண், கீழே காற்று நுழையும் திறப்பு வாய். அகன்று தாழ்ந்து, ஹெட்லைட் கீற்றுப்போல இடுங்கியிருந்தால் அந்தக் கார் வளர்ந்த ஆண், அதிகாரம் செய்பவன், கோபக்காரன். உருண்டைக் கண்களோடு உயர்ந்த நெற்றி இருந்தால் குழந்தை.

வடிவத்துக்குப் பொருள் சொல்வதில் 40 பேரும் பெருமளவு ஒத்துப்போனார்கள். ஆஸ்திரியர்கள் கார்களுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். விளம்பரங்கள் சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்கிறார்களோ என்று சந்தேகம் வரும். அதற்காக அதே குழு எத்தியோப்பியாவின் கிராமப்புறத்துக்குப் போனது. கார் அரிதாகவே கண்ணில் படும் இடம். அங்கிருந்தவர்களும் கார் முகங்களை ஏறக்குறைய அதேபோலத்தான் படித்தார்கள்.

காரணம் நம் மூளையில் இருக்கிறது. மனிதனுக்கு இன்னொரு மனிதனின் முகத்தைப் படிப்பது உயிர்ப் பிரச்சினை. வருகிறவன் கோபமாக இருக்கிறானா, பெரியவனா சிறியவனா என்று நொடியில் தெரிந்தாக வேண்டும். இந்த அவசர வேலைக்காக மூளையின் அடிப்பக்கத்தில், காதுகளுக்கு உட்புறமாக, ஒரு பகுதியே விழிப்போடு இருக்கிறது. இரண்டு வட்டம், கீழே ஒரு கோடு போதும், முகம் என்று எடுத்துக்கொள்ளும். இல்லாத முகத்தை இருப்பதாக நினைத்தால் நஷ்டம் சிறிது. இருக்கிற முகத்தைத் தவறவிட்டால் நஷ்டம் பெரிது. கார் நிபுணர்கள் கார்களை அடையாளம் காணும்போது முகம் காணும் அந்தப் பகுதியே கூடுதலாக வேலை செய்கிறது என்று இசபெல் கோத்தியேயின் குழு 2000-ஆம் ஆண்டில் காட்டியது. எட்செலின் கதையில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கிரில் வைத்திருந்தார்கள். எலுமிச்சம்பழத்தைச் சப்புகிற முகம் என்று அமெரிக்கர்கள் அதைக் கேலி செய்தார்கள். 1,600 பேரிடம் குணம் விசாரித்துச் செய்த கார், முகத்தால் பேர் கெட்டது.

காரில் முகத்தைக் காண்பது நம் பழக்கம் என்றால், உள்ளே இருப்பவர் யார் என்பதற்குக் கார் ஒன்றுமே சொல்வதில்லையா? சொல்கிறது, மெல்லிய குரலில். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் சமூக உளவியல் பேராசிரியர் யான்-எரிக் லோன்க்விஸ்ட், சிவப்பு விளக்கை மதிக்காதவர்கள், பாதசாரிக்கு வழிவிடாதவர்கள் பெரும்பாலும் வேகமான ஜெர்மன் கார்களில் வருவதைக் கவனித்தார். பணம் வந்ததால் இப்படி மாறினார்களா, இப்படிப்பட்டவர்கள்தான் இந்தக் காரைத் தேடிப் போகிறார்களா என்று கேட்டுக்கொண்டார். ஃபின்லாந்தில் 1,892 கார் உரிமையாளர்களை ஆராய்ந்து அவரும் சகாக்களும் கண்ட விடை இரண்டு துண்டுகளாக இருந்தது. விட்டுக்கொடுக்காத, வாதம் செய்கிற, பிறர் வலியை அதிகம் உணராத ஆண்கள் அந்தஸ்துள்ள கார்களை, அதாவது ஆடி, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் போன்றவற்றை வைத்திருக்கும் வாய்ப்பு கூடுதல். பெண்களிடம் இந்தத் தொடர்பு தெரியவில்லை. செய்திகளில் ஊர் சுற்றியது பெரும்பாலும் இந்த முதல் துண்டு. இரண்டாவது துண்டு: ஒழுங்கும் பொறுப்பும் மிக்கவர்களும், ஆணோ பெண்ணோ, அதே கார்களைத்தான் அதிகம் வைத்திருக்கிறார்கள். தரமும் நம்பகமும் வேண்டும் என்பது அவர்களுடைய காரணமாக இருக்கலாம் என்கிறார் லோன்க்விஸ்ட். பக்கத்து லேனில் வரும் மெர்சிடிஸில் இருப்பவர் முரடரா, தன் வேலையைச் செம்மையாகச் செய்கிற மருத்துவரா என்று காரைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. இப்படிப்பட்ட ஆய்வுகள் பேசுவது ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியைப் பற்றி. தனி ஒருவருக்கு அதைப் பொருத்துவது அநியாயம்.

என்னைக் கேட்டால், காரின் கம்பெனியைவிட, வாங்கிய பின் அதற்குச் செய்கிற காரியம்தான் ஆளைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஸ்லெம்கோவின் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்துக்குப் பலம் தருகிறது. பம்பர் ஸ்டிக்கர், கண்ணாடியில் படம், தொங்கும் பொம்மை என்று காரில் சொந்த அடையாளங்கள் கூடக் கூட, ஓட்டுநர் சாலையில் ஆத்திரப்படும் அளவும் கூடியது. கார் பழையதா, விலை உயர்ந்ததா என்பது அவ்வளவாகக் கணக்கில் வரவில்லை. ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் கணக்கில் வரவில்லை. சமாதானம் பேசுகிற வாசகமானாலும் சண்டைக்கு இழுக்கிற வாசகமானாலும் எண்ணிக்கைதான் பேசியது. ஆய்வாளர்களின் விளக்கம் இது: கார் ஒருவருக்குச் சொந்தமான இடம்; சாலை எல்லோருக்கும் பொதுவான இடம். தன் இடம் என்று அடையாளம் வைத்து வைத்துப் பழகியவருக்கு, காரைச் சுற்றியுள்ள சாலையும் தன் எல்லைதான் என்ற உணர்வு எளிதாக வந்துவிடுகிறது. அதற்குள் யாராவது நுழைந்தால் படையெடுப்பு. பின் கண்ணாடியில் குழந்தைகளின் பெயர், குலதெய்வம், தலைவர் படம், தொழில் முத்திரை என்று வரிசையாக ஒட்டும் நம் ஊரில் இதே ஆய்வைச் செய்தால் என்ன வரும் என்று அறிய எனக்கு மிகவும் ஆவல். இங்கே ஸ்டிக்கருக்கு வேண்டுதல், நன்றி, பாதுகாப்பு என்று வேறு அர்த்தங்களும் உண்டு. கொலராடோ முடிவை அப்படியே தூக்கி இங்கே வைத்துவிடக் கூடாது.

கடைசியாக, முன்னால் நிற்கும் காரைவிட அதைப் பார்க்கிறவரைப் பற்றிய ஒரு சோதனை. 1966 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ, மென்லோ பார்க் சிக்னல்களில் அந்தோனி டூப், ஆலன் கிராஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை நடத்தினார்கள். சிக்னல் பச்சைக்கு மாறும். முதல் கார் நகராமல் நிற்கும். சில தடவை அது கழுவித் துடைத்துப் பளபளக்கும் கறுப்பு கிரைஸ்லர் இம்பீரியல். சில தடவை பழைய, மலிவான கார். பின்னால் இருப்பவர் எவ்வளவு நேரத்தில் ஹாரன் அடிக்கிறார் என்று மறைவாக நேரம் குறித்தார்கள். பழைய கார் நின்றபோது 12 வினாடிக்குள் நூற்றுக்கு 84 பேர் அடித்துவிட்டார்கள். இம்பீரியலுக்குப் பின்னால் 50 பேர்தான். இரண்டு கார்களும் செய்த குற்றம் ஒன்றே. உள்ளே இருந்தவர் யார் என்று பின்னால் இருந்த எவருக்கும் தெரியாது.

அதன்பிறகு, சோதனையைப் பற்றி ஒன்றும் அறியாத கல்லூரி மாணவர்களிடம் இதே காட்சியை எழுத்தில் விவரித்து, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். விலை உயர்ந்த காருக்குத்தான் சீக்கிரம் ஹாரன் அடிப்போம் என்று ஆண் மாணவர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.