கம்ப்யூட்டரில் நாவல் படிக்கலாம் வாங்க!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதம் பாட்டு, சினிமா, கேம்ஸ் என்று ஓடிவிடும். இரண்டாவது மாதம் "வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். கதை படிப்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: வேற்றுக் கிரகம், கால இயந்திரம், மந்திரவாதி, மாயக் கோட்டை என்று விரியும் நாவல்களைப் படியுங்கள். பெரிய பதிப்பகங்களின் துணை இல்லாமல் எழுத்தாளர்கள் தாங்களே வெளியிடும் இத்தகைய நாவல்கள் இன்று நேராக உங்கள் கம்ப்யூட்டருக்கே வருகின்றன.

எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை அடுத்த பெரணமல்லூர். பட்டு நெசவுக் குடும்பம். நான் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு நாவல் வேண்டும் என்றால் ஆரணிக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கேயும் நான்கைந்து பிரபல எழுத்தாளர்களின் புத்தகங்கள்தான் இருக்கும். புது எழுத்தாளர் ஒருவர் சொந்தக் காசில் 300 பிரதி அச்சடித்தால், அதில் ஒன்றுகூட எங்கள் ஊர் வரை வந்து சேராது.

என் அப்பா 1980-களில் ஆனந்த விகடனில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொடரை வாரம் தவறாமல் படித்தவர். நாற்பது வருடம் தறியில் பட்டு இழையை உற்றுப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. பத்திரிகை எழுத்து தெரியவில்லை என்று படிப்பதையே நிறுத்திவிட்டார். சேலை டிசைன் போடுவதற்காக அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். விடுமுறையில் ஊருக்குப் போன நான், "அப்பா, இதில் கதை படிக்கலாம்" என்றேன். "சினிமா பார்க்கிற பெட்டியில் கதையா?" என்று சிரித்தார்.

முதல் தவறு

சாப்ட்வேர் இன்ஜினீயர் என்று பெயர்தானே தவிர, முதல் நாளே நான் தவறு செய்தேன். கூகுளில் தேடி, ஊர் பேர் தெரியாத ஒரு தளத்திலிருந்து ஒரு நாவலை டவுன்லோட் செய்தேன். பைல் பெயரின் கடைசியில் 'பிடிஎப்' என்று இருந்தது. திறக்கப் போகும்போது விண்டோஸ் எச்சரித்தது. பிறகு பார்த்தால், அதற்கும் பின்னால் மறைந்திருந்த உண்மையான முடிவு 'டாட் இஎக்ஸ்இ'. அது நாவலே அல்ல, புரோகிராம். அதை ஓட விட்டிருந்தால் அண்ணனின் டிசைன் பைல்கள் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

விண்டோஸ் பொதுவாக பைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைக்கும். விண்டோஸ் 11-ல் ஏதேனும் ஒரு போல்டரைத் திறந்து, மேலே 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை கிளிக் செய்யுங்கள். விண்டோஸ் 10-ல் 'வியூ' டேபிலேயே இந்தக் கட்டம் இருக்கும். கதைப் புத்தகம் என்று வந்த பைல் 'இஎக்ஸ்இ' என்று முடிந்தால் உடனே அழித்துவிடுங்கள்.

பிடிஎப் வேண்டாம், ஈபப் கேளுங்கள்

அடுத்து ஒரு நல்ல தளத்திலிருந்து பிடிஎப் எடுத்துக் கொடுத்தேன். அப்பாவுக்காக எழுத்தைப் பெரிதாக்கினால், வரி திரைக்கு வெளியே ஓடிவிடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் மவுஸை இடமும் வலமுமாக இழுக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கத்தில் எழுந்து போய்விட்டார்.

காரணம் எளிது. பிடிஎப் என்பது அச்சான பக்கத்தின் போட்டோ மாதிரி. வரிகளின் இடம் மாறாது. ஈபப் என்ற வகை அப்படி அல்ல. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கித் திரைக்குள் அடங்கும். எனவே ஒரே நூல் இரண்டு வகையிலும் கிடைத்தால் ஈபப்பையே எடுங்கள்.

ஈபப் படிக்க 'காலிபர்' என்ற இலவச புரோகிராம் போதும். கோவித் கோயல் என்பவர் 2006-ல் தொடங்கியது. இதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். 'ஆட் புக்ஸ்' பட்டனை அழுத்தி நாவலைச் சேருங்கள். பெயரின் மேல் டபுள் கிளிக் செய்தால் நாவல் திறக்கும். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு பிளஸ் கீயைத் தட்டினால் எழுத்து பெரிதாகும். அப்பாவுக்கு ஒரு திரையில் பத்து வரி வரும்படி வைத்தேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தவர், சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் எழுந்தார்.

எங்கே கிடைக்கும்?

பிரீ தமிழ் ஈபுக்ஸ்: தன்னார்வலர்கள் 2013-ல் தொடங்கிய தளம். எழுத்தாளர்களே அனுமதி தந்து, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமையில் வெளியிடும் நூல்கள் இங்கே ஈபப் ஆகவும் பிடிஎப் ஆகவும் இலவசமாகக் கிடைக்கின்றன.

அரூ: 2018-ல் தொடங்கிய இணைய இதழ். அறிவியல் கதைகளுக்கும் கனவுருப் புனைவுகளுக்கும் முக்கிய இடம் தருவது. அறிவியல் சிறுகதைப் போட்டியும் நடத்தியது. நாவலுக்குப் போகும் முன் சிறுகதையில் பழகிக்கொள்ள நல்ல இடம்.

அமேசான் கிண்டில்: 2016 டிசம்பரில் தமிழ் உட்பட 5 இந்திய மொழி நூல்கள் இதில் வரத் தொடங்கின. எழுத்தாளர்களே நேரடியாக நூலை ஏற்றி விற்கலாம். ஆரம்பப் பக்கங்களை இலவச மாதிரியாகப் படித்துப் பார்த்து, பிடித்தால் மட்டும் வாங்குங்கள். இவற்றைக் காலிபரில் அல்ல, கிண்டில் செயலியில் படிக்க வேண்டும்.

மதுரைத் திட்டம்: சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கியது. இங்கே புது எழுத்தாளர்கள் இல்லை. ஆனால் கல்கியின் சாகச நாவல்களை இலவசமாகப் படிக்கலாம். பழைய 'டிஸ்கி' வகை பைலை எடுத்தால் புரியாத குறிகள் தெரியக்கூடும். 'யூனிகோட்' என்று இருப்பதையே எடுங்கள்.

இலவசம் வேறு, திருட்டு வேறு

சுஜாதா 2008-ல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. ஆகவே உரிமையாளர் அனுமதி இல்லாமல் ஸ்கேன் செய்து பரப்பப்படும் அவருடைய நூல்கள் திருட்டுப் பிரதிகளே. புது எழுத்தாளர் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் அவர் நூலைப் படித்தால், படிக்கப்பட்ட பக்கங்களின் கணக்கில்தான் அவருக்குப் பணம் போகிறது. அதே நாவலைத் திருட்டு பிடிஎப்பில் படித்தால் ஒரு பைசா கிடைக்காது. இரண்டாம் பாகம் எழுத அவருக்கு மனம் வருமா?

வாசகர் ஆதரித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். ஆண்டி வெயர் என்ற அமெரிக்க புரோகிராமர், செவ்வாய்க் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவனின் கதையை 2009 முதல் தன் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாக வெளியிட்டார். வாசகர்கள் அறிவியல் பிழைகளைச் சுட்டிக்காட்ட, அவர் திருத்தினார். வாசகர்கள் கேட்டதால் 2011-ல் 99 சென்ட் விலையில் கிண்டிலில் போட்டார். பிறகு பெரிய பதிப்பகம் தேடி வந்தது. 2015-ல் 'தி மார்ஷியன்' ஹாலிவுட் படமானது.

எப்படி ரசிப்பது?

தானே வெளியிடும் எழுத்தாளருக்குப் பெரும்பாலும் எடிட்டர் இருக்க மாட்டார். எழுத்துப் பிழைகள் இருக்கும். ஆரம்பம் இழுக்கலாம். எனவே மூன்று அத்தியாயம் வரை பொறுமையாகப் படியுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் மூடிவிடுங்கள்.

நல்ல நாவலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அப்பாவிடம் கேட்டேன். "முதல்ல ஒரு விதி சொல்றான் பாரு, இந்த மந்திரம் ராத்திரிலதான் பலிக்கும்னு. அதைக் கடைசி வரைக்கும் மாத்தக் கூடாதுப்பா. தன் சவுகரியத்துக்கு நடுவுல மாத்தினா, பாவுல ஒரு இழை அறுந்த மாதிரி தெரிஞ்சுடும்" என்றார். இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

படித்து முடித்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நூல் விற்கும் பக்கத்தில் இரண்டு வரி விமர்சனம் எழுதுங்கள். விளம்பரம் செய்ய வசதி இல்லாத எழுத்தாளருக்கு அடுத்த வாசகரைக் கொண்டுவருவது அந்த இரண்டு வரிதான்.

போன மாதம் அப்பா ஒரு புது எழுத்தாளரின் விண்வெளி நாவலை முடித்தார். கதை பாதியில் தொங்கி நின்றதில் அவருக்குக் கோபம். விமர்சனம் எழுதச் சொன்னேன். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, கால் மணி நேரத்தில் டைப் செய்தார்: "நன்றாக இருந்தது. இரண்டாம் பாகம் எப்போது வரும்?"

நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை காலிபரை இன்ஸ்டால் செய்து, ஒரு நாவலைத் திறந்து பாருங்கள். வீட்டில் படிப்பதை நிறுத்திவிட்ட பெரியவர் யாராவது இருந்தால், எழுத்தைப் பெரிதாக்கி முதலில் அவரை உட்கார வையுங்கள்.