இரைச்சலுக்குள் ஒளியும் விரிசல்

காலையில் கொதிகலன் குழாய் ஒன்றின் சாதாரண எஃகு வெல்டிங்கைச் சோதிக்கிறார் ஒரு பரிசோதகர். திரையில் கோடு சமமாக ஓடி, குறை உள்ள இடத்தில் மட்டும் சட்டென எழும்புகிறது. மாலையில் அதே கருவியை எவர்சில்வர் வெல்டிங்கில் வைக்கிறார். திரை முழுக்கக் கோரைப்புல் முளைத்ததுபோல் சிறுசிறு முனைகள். இவற்றில் எது விரிசல், எது வெறும் இரைச்சல்?

மீயொலிச் சோதனையின் அடிப்படை எளிது. ஜெல்லோ எண்ணெயோ தடவிய பரப்பில், ஒலியை அனுப்பவும் கேட்கவும் செய்யும் புரோபை வைத்து, பெரும்பாலும் நொடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் முறை அதிரும் ஒலியை உள்ளே அனுப்புகிறார்கள். எஃகில், போகும் திசையிலேயே அதிரும் நெட்டலையின் வேகம் நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர். 25 மி.மீ. தடிமனுக்குள் நேராகப் போய் அடியில் மோதித் திரும்ப, நொடியின் லட்சத்தில் ஒரு பங்குகூட ஆகாது. வழியில் விரிசல் இருந்தால் எதிரொலி இன்னும் முன்னதாக வரும். வந்த நேரம் ஆழத்தைச் சொல்லிவிடும்.

எவர்சில்வர் ஏன் குழப்புகிறது?

சாதாரண எஃகு வெல்டிங் ஆறும்போது அதன் படிக அமைப்பே மாறுகிறது. அந்த மாற்றத்தில் பெரிய படிக மணிகள் பொடிமணிகளாகிவிடுகின்றன. எவர்சில்வர் வகையான ஆஸ்டெனிட்டிக் எஃகில் அந்த மாற்றம் நடப்பதில்லை. ஒவ்வொரு அடுக்கு வெல்டிங்கின் மணிகளும் கீழடுக்கின் மணிகள்மேலேயே வளர்ந்து, தூண்களாக நீளுகின்றன. ஒலி அவற்றின் எல்லைகளில் மோதிச் சிதறுகிறது. போகும் பாதையும் வளைகிறது.

இரண்டு வகை இரைச்சல்

மின்சுற்றில் பிறக்கும் இரைச்சல் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும். 64 முறை பதிவுசெய்து சராசரி எடுத்தால் அது எட்டில் ஒரு பங்காகிவிடும். மணிகளின் இரைச்சல் அப்படியல்ல. புரோப் அதே இடத்தில் இருக்கும்வரை, எத்தனை முறை கேட்டாலும் மணிகள் அதே பதிலைத்தான் சொல்லும். அங்கே சராசரி பயன்படாது. கேட்கும் விதத்தை மாற்ற வேண்டும்.

முதல் வழி, அதிர்வெண்ணைக் குறைப்பது. அலைநீளம் கூடும்போது சிதறல் குறையும். ஆனால் 20 லட்சம் அதிர்வில் நெட்டலையின் நீளம் சுமார் 3 மி.மீ.; நுண்ணிய விரிசல்கள் தப்பிவிடலாம்.

இரண்டாவது, திரும்பி வந்த ஒலியைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரிப்பது. மணிகளின் எதிரொலி பட்டைக்குப் பட்டை ஏறி இறங்கும். விரிசலின் எதிரொலி எல்லாப் பட்டைகளிலும் அதே நேரத்தில் நிற்கும். ஒவ்வொரு கணத்திலும் இருப்பதிலேயே சிறிய மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் மணிகள் அடங்கும், விரிசல் நிற்கும்.

மூன்றாவது, பல திசைகளிலிருந்து கேட்பது. 64 சிறு உறுப்புகள் கொண்ட புரோபில் ஒவ்வொன்றும் முறைவைத்து ஒலிக்க, அனைத்தும் கேட்டால் 4,096 பதிவுகள் கிடைக்கும். அவற்றைக் கணினி ஒவ்வொரு புள்ளியிலும் குவித்துப் படமாக்கும். பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் இந்த முறையை விளக்கிக் காட்டினார்கள்.

துடைப்பதிலும் ஆபத்து

இரைச்சலை அடக்கும் எந்த முறையும் விரிசலையும் சேர்த்து அழித்துவிடக்கூடும். பட்டை பிரிக்கும் முறையில், விரிசலின் எதிரொலி எட்டாத ஒரு பட்டையைத் தவறுதலாகச் சேர்த்தாலே போதும். சிறிய மதிப்பை எடுக்கும்போது விரிசல் மறைந்துபோகும்.

கல்பாக்கத்தில் கட்டப்பட்ட 500 மெகாவாட் அதிவேக ஈனுலை என்ற அணு உலையின் முதன்மைக் கலம் ஆஸ்டெனிட்டிக் எஃகாலானது. உள்ளே இருப்பது காற்றுபட்டால் தீப்பிடிக்கும் சூடான திரவ சோடியம். இத்தகைய இடங்களில் ஒரு விரிசலைத் தவறவிடுவது சாதாரணப் பிழை அல்ல.

ஆகவே எந்த முறையையும் முதலில், தெரிந்த அளவில் குறைகளை வேண்டுமென்றே வைத்துச் செய்த, அதே வகை வெல்டிங் மாதிரியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். துடைக்காத மூலப் பதிவையும் பத்திரப்படுத்த வேண்டும். திரை சுத்தமாக இருப்பது குறை இல்லாததாலா, நாம் துடைத்ததாலா என்ற கேள்விக்கு அந்த மாதிரியும் மூலப் பதிவும்தான் பதில் சொல்லும்.