கிணற்றில் மிதந்த எண்ணெய்

குழந்தைகளே! கிணற்றில் வாளியை விட்டுத் தண்ணீர் இறைக்கிறீர்கள். தண்ணீரில் பெட்ரோல் வாடை. குடிப்பீர்களா? 'ஐயய்யோ, மாட்டோம்' என்பீர்கள். ஊரில் வேறு தண்ணீரே இல்லை என்றால்?

ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியாவில், நைஜர் ஆறு கடலில் கலக்கும் பகுதியில் ஓகோனி மக்கள் வாழ்கின்றனர். விவசாயமும், மீன்பிடிப்பும்தான் தொழில். 1958ல் அங்கே பெட்ரோலிய எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. ஊர்கள், வயல்கள் வழியே குழாய்கள் பதித்தனர். குழாய்கள் கசிந்தன. வயல் பாழானது, மீன்கள் செத்தன. அலையாத்தி மரங்கள், சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கும் வேர்களால் சுவாசிப்பவை. வேரில் எண்ணெய் அப்பியதும், மூச்சு முட்டிப் பட்டுப்போயின.

எழுத்தாளர் கென் சாரோ-விவா தலைமையில் மக்கள் அமைதியாகப் போராடினர். 1995ல் அவரையும், உடன் எட்டுப் பேரையும் ராணுவ அரசு தூக்கிலிட்டது.

அதோடு முடிந்துவிடவில்லை. 1996ல் இரண்டு அமைப்புகள், ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டன. ஆப்பிரிக்க நாடுகள் 1981ல் ஏற்றுக்கொண்ட மனித உரிமை சாசனத்தின் 24வது பிரிவு, 'நல்ல சுற்றுச்சூழல் மக்களின் உரிமை' என்கிறது. அந்த உரிமையைக் காக்க நைஜீரிய அரசு தவறிவிட்டது என 2001ல் ஆணையம் முடிவு சொன்னது.

உரிமை என்றால் என்ன? ஆசிரியர் மிட்டாய் கொடுத்தால், அது அவர் பிரியம். கொடுக்காவிட்டால் 'ஏன்?' என்று கேட்க முடியாது. ஆனால், நீங்கள் எழுதிய பரீட்சைக்கு மதிப்பெண் போடாவிட்டால் கேட்கலாம் அல்லவா? அதுதான் உரிமை. சுத்தமான தண்ணீரும் மிட்டாய் அல்ல, மதிப்பெண் போன்றது!

சரி, ஆணையம் சொன்னதும் கிணறு சுத்தமானதா? இல்லை. 2011ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு தன் ஆய்வறிக்கையை வெளியிட்டது. ஓகாலே என்ற இடத்தில், நிலத்தடி நீரின் மேல் 8 செ.மீ. கனத்துக்கு எண்ணெய் மிதந்தது. அங்கிருந்த கிணற்று நீரில், புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைப் போல் 900 மடங்குக்கும் மேல் இருந்தது. நாற்றம் தெரிந்தும், வேறு வழியின்றி மக்கள் அதையே குடித்தனர். ஓகோனி மண் பழைய நிலைக்கு வர, 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்றது ஆய்வு. சுத்தப்படுத்தும் திட்டம் 2016ல்தான் தொடங்கப்பட்டது.

2022ல் ஐ.நா. பொதுச்சபையும், 'தூய்மையான சுற்றுச்சூழல் மனித உரிமை' என அறிவித்தது. ஏட்டில் எழுதிய உரிமை, தானாகக் கிணற்றுக்குள் இறங்காது குழந்தைகளே. யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் குடிநீரில் வாடை அடித்தால், முகம் சுளித்துக் கொட்டிவிட்டுப் போகாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லிக் கேட்கச் செய்யுங்கள். சரிதானே?