கிணற்றில் குதிக்கும் திருவிழா

ஜூன் 24. கோவாவில் நல்ல மழைக் காலம். தெருவில் ஒரு கூட்டம் வருகிறது. தலையில் இலை, பூ, பழம் வைத்துக் கட்டிய கிரீடம். கையில் மண் பானையில் தோல் கட்டிய மேளம். ஒரு வீட்டுக் கிணறு வந்ததும் கூட்டம் நிற்கிறது. "வீவா சாவ் ஜுவாவ்!" என்று கத்துகிறார்கள். தொபுக்கென்று கிணற்றுக்குள் குதிக்கிறார்கள்!

இது என்ன கூத்து?

இது கோவா கிறிஸ்தவர்களின் திருவிழா. புனித யோவான் பிறந்த நாள். மரியாள் தன் உறவினரான எலிசபெத்தைப் பார்க்கப் போனார். அப்போது எலிசபெத்தின் வயிற்றில் இருந்த குழந்தை மகிழ்ச்சியில் துள்ளியது என்று பைபிள் சொல்கிறது. அந்தக் குழந்தைதான் யோவான். அந்தத் துள்ளலை நினைத்துத்தான் இந்தக் குதி. அன்று புது மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டில் தனி மரியாதை உண்டு. நம் ஊர் தலை தீபாவளி போல என்று வைத்துக் கொள்ளுங்கள். சியோலிம் என்ற ஊரில் படகுகளை அலங்கரித்து ஆற்றில் வருவார்கள். இதையெல்லாம் பார்க்க இப்போது வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள்.

ஜூனில் கிணறு நிறைய நீர் இருக்கும். அதே கிணறு மே மாதத்தில் எப்படி இருக்கும்?

கோவா சிறிய மாநிலம். 2011 கணக்குப்படி மக்கள் சுமார் 14 லட்சத்து 58 ஆயிரம் பேர். 2019ஆம் ஆண்டில் மட்டும் வந்த பயணிகள் சுமார் 80 லட்சம் பேர். மழைக்குக் குறைவில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 300 செ.மீ. பெய்கிறது. ஆனால் அது ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். பயணிகள் கூட்டம் அதற்குப் பிறகுதான் பெருகுகிறது. மழை நின்ற பிறகு செலவு கூடுகிறது. குளியல், துணி வெளுப்பு, புல்வெளி, நீச்சல் குளம் எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். ஓட்டல்கள் போர் போடுகின்றன. டேங்கர் லாரியில் வாங்குகின்றன. அந்த லாரித் தண்ணீரும் ஏதோ ஓர் ஊர்க் கிணற்றில் எடுத்ததுதான்.

கடலோரத்தில் இதில் ஓர் ஆபத்து உண்டு. அங்கே மண்ணுக்கு அடியில் கடலின் உப்பு நீரும் இருக்கிறது. மழை நீர் லேசானது. அது உப்பு நீரின் மேல் மிதக்கிறது, டம்ளரில் தண்ணீர் மேல் எண்ணெய் மிதப்பது போல. மேலே இருக்கும் நல்ல நீரை அளவோடு எடுத்தால் தொல்லை இல்லை. மோட்டார் வைத்து உறிஞ்சினால்? நல்ல நீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியில் உப்பு நீர் சுமார் 40 அடி வரை மேலே ஏறக் கூடும். போர் போட்டது ஓட்டல். உப்புக் கரிப்பது பக்கத்து வீட்டுக் கிணறு. ஒருமுறை உப்பு ஏறிய கிணறு நல்ல நீராக மாறப் பல ஆண்டுகள் ஆகலாம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1991இல் மத்திய அரசு கடற்கரைக்கு விதிகள் போட்டது. கடல் நீர் ஏறும் எல்லையிலிருந்து 200 மீட்டர் வரை நிலத்தடி நீரை எடுக்கக் கூடாது என்றது. 200 முதல் 500 மீட்டர் வரை சாதாரணக் கிணற்றில் கையால் இறைக்கலாம். அதுவும் குடிக்க, தோட்டத்துக்கு, பயிருக்கு, மீன் தொழிலுக்கு மட்டும். இந்த விதிகள் 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பட்டன. 2002இல் கோவா அரசும் நிலத்தடி நீருக்கு ஒரு சட்டம் கொண்டு வந்தது. சட்டம் தாளில் இருக்கிறது. மோட்டார் இரவில் ஓடுகிறது. யார் பார்ப்பது?

பயணிகள் வருவதால் பிழைப்பவர்கள் பலர். வீட்டில் அறை வாடகைக்கு விடுகிறார்கள். டாக்சி ஓட்டுகிறார்கள். கடற்கரையில் ஓலைக் கொட்டகை போட்டு மீன் வறுத்து விற்கிறார்கள். ஆகவே பயணிகளே வேண்டாம் என்று சொல்ல முடியாது. கட்டடம் எங்கே, எவ்வளவு என்பதுதான் கேள்வி. 2006இல் வந்த நிலத் திட்டம் ஒன்றை கோவா மக்கள் எதிர்த்தார்கள். வயலும் மலையும் கட்டடம் ஆகிவிடும் என்று பயந்தார்கள். 2007 ஜனவரியில் அரசு அதைத் திரும்பப் பெற்றது.

ஊரில் புது ஓட்டல் வருகிறதா? கிராம சபையில் கேட்கலாம். கடலிலிருந்து எத்தனை மீட்டர்? தண்ணீர் எங்கிருந்து வரும்? ஏப்ரல், மே மாதங்களில் எவ்வளவு எடுப்பார்கள்? கழிவு நீர் எங்கே போகும்? பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.