துடைப்பம் ஏறி வரும் பாட்டி

கிறிஸ்துமஸ் கழிந்து பன்னிரண்டாம் நாள், ஜனவரி 6, கீழ்த்திசை ஞானிகள் மூவர் குழந்தை ஏசுவைக் கண்டு வணங்கியதை நினைவுகூரும் திருநாளாகும். இத்தாலியர் இதனை எபிஃபனீயா என்பர். அப்பெயரே மக்கள் நாவில் திரிந்து, பெஃபானா என்னும் கிழவியின் பெயராகவும் ஆயிற்று.

முதல் நாள் இரவு அந்நாட்டுச் சிறுவர் சிறுமியர் காலுறைகளைத் தொங்கவிட்டு உறங்கச் செல்வர். கந்தல் உடுத்து, முக்காடிட்டு, துடைப்பத்தின் மீதேறி வரும் பெஃபானா, புகைபோக்கி வழியே இறங்கி, நல்ல பிள்ளைகளுக்கு இனிப்பும் குறும்பர்க்குக் கரியும் இட்டுச் செல்வாளாம். இந்நாளில் அக்கரியும் சர்க்கரையாற் செய்த கறுப்பு மிட்டாயாகக் கடைகளில் விற்கப்படுகிறது!

யார் இக்கிழவி? ஞானிகள் பெத்லகேம் செல்லும் வழியில் அவள் வீட்டுக் கதவைத் தட்டினர் என்பது கதை. "தெய்வக் குழந்தையைக் காணச் செல்கிறோம், நீயும் வா அம்மா" என்றழைத்தனர். "வீடு பெருக்கும் வேலை முடியவில்லையே" என்று மறுத்துவிட்டாள் கிழவி. அவர்கள் சென்ற பின்னர் நெஞ்சு உறுத்தியது. தின்பண்டங்களை மூட்டை கட்டிக்கொண்டு விரைந்தாள், அவர்களைக் காணவில்லை. எந்தக் குழந்தை அந்தக் குழந்தையோ என்று அறியாமையால், அன்று முதல் ஆண்டுதோறும் வீடுவீடாகச் சென்று எல்லாக் குழந்தைகளுக்கும் வழங்கி வருகிறாள். கையிலிருந்த துடைப்பமே அவளுக்கு வாகனமாயிற்று.

வெனேட்டோ, ஃபிரியூலி முதலிய வடகிழக்குப் பகுதிகளில் அவ்விரவில் பெருந்தீ வளர்ப்பர். சில ஊர்களில் கிழவியின் உருவத்தையும் அதிலிட்டு எரிப்பர். புகை செல்லும் திசை கொண்டு வரும் ஆண்டின் விளைச்சலைக் கணிப்பர். ரோமாபுரியின் நவோனா சதுக்கத்தில் இத்திருநாளையொட்டிச் சந்தை கூடுவது நெடுநாள் வழக்கம்.

இத்திருநாளுக்கும் ஒரு சோதனை வந்தது. விடுமுறைகள் மிகுந்து வேலை கெடுகிறது என்று கருதிய இத்தாலிய அரசு, 1977இல் இதனைப் பொது விடுமுறைப் பட்டியலினின்று நீக்கியது. ஆயினும் மக்கள் பெஃபானாவைக் கைவிட்டாரில்லை. 1985இல் அரசே அவ்விடுமுறையை மீட்டளித்தது. வேலையே பெரிதென்று அன்று கிழவி எண்ணினாள். பின்னர் அரசும் எண்ணியது. இருவருமே மனம் மாறினர்!

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நமக்கு வேலை என்றும் முடிவதில்லை. எனினும், கதை கேட்டு மடியில் வந்தமரும் குழந்தையிடம் "பிறகு வா" என்று சொல்லுமுன், அக்கிழவியைச் சற்றே நினைத்துக்கொள்வோமாக.