ஸ்டியரிங் தளர்ச்சி: காரணமும் பரிகாரமும்

நம் அன்பர்களில் பலர் இந்நகரில் சிறு சரக்கு வண்டி வைத்துப் பிழைக்கிறார்கள். காய்கறி, மாவு, கலியாணச் சாமான் என்று ஏதேனும் ஒன்றை ஏற்றி இறக்குகிறார்கள். என் மைத்துனரும் அவர்களில் ஒருவர். ஆரஞ்சுப் பருவத்தில் காட்டோல் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நாகபுரி களம்னா சந்தைக்குப் பழம் ஏற்றி வருவது அவர் தொழில். அவருடைய பிக்கப் வண்டிக்கு நேர்ந்ததை இங்கே எழுதுவது பிறருக்கும் பயன்படும் என்று கருதுகிறேன்.

சென்ற தீபாவளியை ஒட்டி அவர், “வண்டி நேரே போகமாட்டேன் என்கிறது, அத்தான். கை ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம்” என்றார். பட்டறை ஒன்றில் காட்டினார். அங்கிருந்தவர் வண்டியின் அடியில் குனிந்தும் பாராமல், ஸ்டியரிங் பெட்டியின் மேலிருக்கும் திருகை முக்கால் சுற்று இறுக்கிக் கூலி வாங்கிக்கொண்டார். நான்கு நாள் வண்டி ஒழுங்காக ஓடியது போலிருந்தது. ஐந்தாம் நாள் புதிதாக ஒரு தொல்லை: திருப்பத்தில் வளைத்த ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை. கையால் இழுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. பழைய தளர்ச்சியோ போகவில்லை.

அந்தத் திருகைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் இருக்கும் பற்கள் தேய்ந்து இடைவெளி விழுந்தால் அதைக் குறைப்பதற்காக அமைந்தது அது. வேறிடத்துத் தேய்மானத்தை அதனால் தீர்க்க முடியாது. அளவு மீறி இறுக்கினால் பற்கள் நடுவில் பிடித்துக்கொள்ளும், விரைவில் தேயும். மற்ற யாவற்றையும் சோதித்த பிறகே, சக்கரங்களை நேராக வைத்து, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகிப் பார்க்க வேண்டும். கடைசியில் செய்ய வேண்டியதை அங்கே முதலில் செய்துவிட்டார்கள். (புதிய வண்டிகள் பலவற்றில் இப்பெட்டிக்குப் பதிலாகப் பற்சட்டம் இருக்கும், அதன் சோதனையும் ஏறக்குறைய இவ்வாறுதான்.)

நிற்க. ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் இருவரும் வண்டியைச் சமதரையில் நிறுத்தினோம். பவர் ஸ்டியரிங் ஆகையால் இன்ஜினை ஓடவிட்டோம். முன்சக்கரங்கள் அசையத் தொடங்கும் வரை ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல ஆட்டி, விளிம்பில் நாடாவை வைத்து அளந்தேன். 3 அங்குலம் இருந்தது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி 30 பாகை வரை இடங்கொடுக்கிறது. 16 அங்குல விட்டமுள்ள ஸ்டியரிங்கில் அது 4 அங்குலத்துக்குச் சற்று மேல். ஆகவே சட்டப்படி எங்கள் வண்டியில் குற்றமில்லை! ரயில் சக்கரத்தின் விளிம்புக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே அகலப் பாதையில் 19 மில்லிமீட்டர் விளையாட்டு விட்டிருக்கிறார்கள். அது வேண்டுமென்றே விட்டது. இது தேய்ந்து விழுந்தது.

பிறகு மைத்துனர் உள்ளே அமர்ந்து ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாக ஆட்டிக்கொண்டிருந்தார். நான் சக்கரத்தின் ஓரமாகப் படுத்து டார்ச் விளக்கில் பார்த்தேன். சூத்திரம் எளிது: அசைவு ஸ்டியரிங் தண்டிலிருந்து அதன் மூட்டுக்கும், பெட்டிக்கும், கைக்கோலுக்கும், டை ராடுக்கும் வரிசையாகச் செல்கிறது. எந்த இணைப்பில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் சும்மா நிற்கிறதோ, அங்கேதான் பழுது. பெட்டியைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டு ஒன்று தளர்ந்திருந்ததைக் கண்டேன். அது சிறு பங்குதான். இடப்பக்க டை ராட் எண்டுக்கு வந்ததும் விஷயம் விளங்கிவிட்டது. ரப்பர் மூடி கிழிந்து, கிரீஸ் போய், உள்ளே தோட்டத்து மண் புகுந்திருந்தது. குண்டு அதன் கிண்ணத்துக்குள் மேலும் கீழும் குதித்தது. இன்னும் தேய்ந்து அது கழன்றிருக்குமானால் சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. அதே வண்டியின் முன் இருக்கையில் என் மனைவியும் குழந்தைகளும் முந்தின வாரம் காம்ப்டிக்குப் போய் வந்தது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. சிறிது நேரம் எழுந்து உட்கார்ந்துகொண்டேன்.

சந்தேகம் தீர இன்ஜினை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கித் தாங்கிகளின் மேல் நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் அடியில் புகக் கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அசைவு தெரியுமாயின் பேரிங் அல்லது பால் ஜாயிண்டு. பிரேக்கை மிதித்ததும் அசைவு மறைந்தால் அது பேரிங். இரு பக்கங்களிலும் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் டை ராட். எங்களுக்கு மூன்றாவதே தெரிந்தது. ஸ்டியரிங்கில் தளர்ச்சி இல்லாமலே வண்டி அலைந்தால் முதலில் டயர்க் காற்றையும் அலைன்மெண்டையும் பார்க்க வேண்டும்.

வேலையை வேறொரு மெக்கானிக்கிடம் ஒப்படைத்தோம். ஹிந்தி திணறும் நம்மவர்கள் “ஸ்டியரிங் மே ப்ளே ஹை, டை ராட் எண்ட் தேக்கோ” என்றால் போதும். இடத்தைக் காட்டிவிட்டால் வாதத்துக்கு இடமிராது. அவர் இரு பக்கத்து எண்டுகளையும் மாற்றினார். கழற்றுமுன் வெளியே தெரிந்த மரைகளை எண்ணி, புதியதையும் அதே அளவுக்கு முடுக்கினார். நட்டுக்குப் புதுப் பிளவு ஊசி போட்டார். பழையதை நிமிர்த்திப் போடுவது கூடாது. போல்ட்டை இறுக்கி, பெட்டித் திருகைப் பழைய நிலைக்குத் தளர்த்தினார். அன்றே அலைன்மெண்டும் பார்த்தாயிற்று. எண்டு மாற்றியபின் அதைச் செய்யாவிடில் டயர் ஓரம் தேய்ந்துபோகும்.

இப்போது தளர்ச்சி ஓர் அங்குலத்துக்கும் குறைவு. திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் தானே நேராகிறது. கழற்றிய பழைய எண்டைச் சங்கத்து வாசகசாலை மேஜையில் வைத்திருக்கிறேன். வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் கையில் எடுத்து ஆட்டிப் பார்க்கலாம். விரலில் மண் ஒட்டும்.